நான்காம் கூண்டு முயல்

9 ஜூன் 1957, ஞாயிறு

நேற்று இங்கே எழுதியதில் ஒரு தவறு இருக்கிறது. கோகிலா நான்காம் எண் குழாயை உடைத்துவிட்டாள் என்று எழுதியிருக்கிறேன். ஒரு குழாய் உடைந்தது என்று மட்டும்தான் அவள் சொன்னாள். எண்ணை நானாகச் சேர்த்துவிட்டேன். உடைந்தது கழுவி வைத்த வெறும் குழாய் என்று இன்று தெரிந்தது. இப்படி நானே சேர்த்து எழுதும் பழக்கம் எனக்கு எப்போதிலிருந்து வந்தது என்று தெரியவில்லை. நடந்ததை முதலிலிருந்து வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

கோகிலா எங்கள் மாலை வகுப்பில் அறிவியல் படிக்கிறாள். பகலில் காஜா பேராங்கில் டாக்டர் கலியாணசுந்தரத்தின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர். ஆய்வுக்கூடம் என்பது அவர் பங்களாவின் பின்பக்கத்து இரண்டு அறைகள்தான். அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவர் டைபாய்டைப் பற்றி ஆராய்கிறார். கிருமியைச் சூட்டில் கொன்று முயலுக்கு ஊசியால் ஏற்றுவார். செத்த கிருமியால் நோய் வராது. ஆனாலும் அந்நியப் பொருள் ஒன்று வந்திருக்கிறது என்று உடம்பு கண்டுகொள்ளும். அப்படிக் கண்டுகொள்ளப்படும் பொருளுக்கு ஆன்டிஜென் என்று பெயர். வெள்ளையணுக்கள் அங்கே கூடும். நாள் செல்லச் செல்ல அதை எதிர்க்கும் சத்து ரத்தத்தில் உண்டாகும். அந்த ரத்தநீரோடு கிருமிக் கலவையைச் சேர்த்தால் திரிந்த பால்போலத் துகள் கட்டும். எத்தனை நாளில் கட்டுகிறது என்பதுதான் டாக்டரின் ஆராய்ச்சி.

போன திங்கட்கிழமை, பத்து பெரெண்டாமிலிருந்து வாங்கிய நான்கு புது முயல்களுக்கு டாக்டரே ஊசி போட்டார். வெள்ளிக்கிழமை கோகிலா நான்கின் காதிலும் ரத்தம் எடுத்து, ரத்தநீரைப் பிரித்துக் கிருமிக் கலவையோடு சேர்த்தாள். மூன்று குழாய்கள் தெளிவாக இருந்தன. நான்காவது கட்டியாகத் திரிந்திருந்தது. நாலே நாளில் இப்படி ஆகாது என்றார் டாக்டர். கோகிலா ரத்தத்தைக் கொட்டிவிட்டு, அதை மறைக்கப் பனிப்பெட்டியில் முந்தைய சோதனையில் மிஞ்சியிருந்த ரத்தநீரை ஊற்றி வைத்தாள் என்பது அவர் முடிவு. குப்பைக்கூடையில் உடைந்த கண்ணாடி கிடந்ததும் அவளுக்கு எதிராகப் போயிற்று. திங்கள் முதல் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். கோலாலம்பூர் பயிற்சிக்கு அவர் எழுதித் தருவதாகச் சொன்ன கடிதமும் இல்லை. அந்தக் கடிதம் இல்லாமல் அவளுக்கு அங்கே இடம் கிடைக்காது. பொய்க்காரி என்ற பெயரோடு வேறு எந்த ஆய்வுக்கூடத்திலும் கிடைக்காது.

நேற்று வகுப்பு முடிந்ததும் அவளைப் பண்டார் ஹிலிருக்கு, ஷரீஃபுதீன் நானாவிடம் அழைத்துப் போனேன். இருபது வருஷம் போலீஸில் கைரேகைப் பிரிவில் இருந்தவர். இப்போது மூக்குக்கண்ணாடி பழுது பார்க்கிறார். ஒரு கண்ணாடிக் காலில் திருகாணியைப் பொருத்திக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். நான் குழாய்களைப் பற்றிப் பன்னிரண்டு கேள்விகள் எழுதி வைத்திருந்தேன். அவர் அதை வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். ரப்பர் கடையில் கணக்கு எழுதுவதால் நான் அவருக்குக் கிரானி.

"கிரானி, பன்னெண்டு கேள்வியும் குழாயைப் பத்தியே இருக்கு. முயல் எப்படி இருக்குன்னு ஒருத்தரும் கேக்கலியே."

இன்று காலை பத்து மணிக்கு மூவரும் டாக்டரின் பங்களாவுக்குப் போனோம். மழை விட்டு விட்டுப் பெய்தது. டாக்டருக்கு எங்கள் வரவு பிடிக்கவில்லை. அரை மணி நேரம் கொடுத்தார்.

கூண்டுகளைப் பார்த்துக்கொள்ளும் பொன்னுதுரை அண்ணன் எங்களைப் பின்கட்டுக்கு அழைத்துப் போனார். மனைவி இல்லாதவர். முயல் கொட்டகைக்கு அடுத்த சிறு வீட்டில் மகள் மல்லிகாவோடு இருக்கிறார். வாசல் நிலையில் செருகிய வேப்பிலை காய்ந்து சுருண்டிருந்தது. ஏழு வயதுப் பெண் படியில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தது. முகமெல்லாம் புதுத் தழும்பு.

நான்கு முயல்களும் வெள்ளை. நான் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டேன். முதல் மூன்றின் இடது காதோரத்தில் ஒவ்வொரு கறுத்த புள்ளி. நான்காவதில் ஐந்து. "பூச்சிக்கடி, கூண்டு சுத்தமில்லை" என்று எழுதினேன். நானா என் நோட்டைப் பார்த்தார். புள்ளிகளை மறுபடி எண்ணிப் பார்க்கும்படி மட்டும் சொன்னார். ஐந்துதான்.

பிறகு அவர் டாக்டரிடம் இரண்டு பதிவேடுகளைக் கேட்டார். ஒன்று இந்தச் சோதனையுடையது. செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில் டாக்டரின் கையெழுத்திலேயே இருந்தது: நான்காம் முயலுக்கு ஊசி போட்ட இடத்தில் வீக்கம், அங்கிருந்து எடுத்த நீரில் வெள்ளையணுக்கள் குவியலாக இருந்தன, கிருமி ஒன்றுகூட இல்லை, ஊசி சுத்தமில்லையோ? மற்றது முந்தைய சோதனையின் பதிவேடு. அதில் மிஞ்சிய கடைசி முயலுக்கு நான்கு முறை ரத்தம் எடுத்திருந்தார்கள். கடைசி வரி பொன்னுதுரை அண்ணன் எழுதியது: "மே 20, கொன்று புதைத்தாயிற்று."

நானா இரண்டையும் மேசையில் விரித்து வைத்துவிட்டு எல்லாரையும் உட்காரச் சொன்னார். பொன்னுதுரை அண்ணன் மட்டும் கதவருகே நின்றார்.

"டாக்டர், நான் படிச்சவனில்லை. போலீஸ்ல எனக்கு மூணு தடவை அம்மைப்பால் குத்தினாங்க. முதல் தடவை கை வீங்க ஒரு வாரம் ஆச்சு. மூணாந்தடவை மறுநாளே செவந்து தடிச்சிடுச்சு. அது ஏன்?"

உடம்பு அதை முன்பே பார்த்திருந்ததால் என்றார் டாக்டர். செவ்வாய்க்கிழமைப் பக்கத்தைத் தன் பக்கம் இழுத்துப் படித்தார்.

"திங்கட்கிழமை ஊசி. செவ்வாய்க்கிழமையே வெள்ளையணு வந்து கூடிடுச்சு. நீங்களே பார்த்து நீங்களே எழுதியிருக்கீங்க. தங்கச்சி குழாயைத் தொட்டது வெள்ளிக்கிழமை. அதுக்கு மூணு நாள் முன்னாடியே அந்த முயல் மத்த மூணையும் மாதிரி இல்லை. குழாய்ல தப்பில்லை டாக்டர். அந்த ரத்தமே அப்படித்தான்."

புது முயல் எப்படி முன்பே பார்த்திருக்கும் என்று டாக்டர் கேட்டார்.

"புது முயல்னு யார் சொன்னா? நம்ம கிரானி அஞ்சு பூச்சிக்கடி எண்ணி வச்சிருக்காரு. ஒரே வரியில, ஒரே நரம்பு மேல எந்தப் பூச்சி கடிக்கும்? மத்த மூணுக்கும் ஒவ்வொரு புள்ளி, வெள்ளிக்கிழமை குத்தினது. இதுக்கு அதோட இன்னும் நாலு. நாலு தடவை ரத்தம் கொடுத்த முயல் ஒன்னுதான் இந்த வீட்டுல இருந்துச்சு. அது மே இருபதாம் தேதி செத்துப்போனதா எழுதியிருக்கு."

நான் நோட்டில் அந்த வரியை அடித்தேன். டாக்டர் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனார். திரும்பி வரும்போது தோளெல்லாம் நனைந்திருந்தது. பொன்னுதுரை அண்ணனை நேராகப் பார்த்தார்.

அண்ணன் மறுக்கவில்லை. மே மாதம் மல்லிகாவுக்கு அம்மை போட்டிருந்தது. அம்மா வீட்டில் இறங்கியிருக்கும்போது தாளிக்கக்கூட மாட்டார்கள்; ஓர் உயிரை எப்படி எடுப்பது? வெளியே சொன்னால் பிள்ளையைத் தனி வார்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள் என்று பயம். டாக்டர் குறித்த தேதியில் வரியை மட்டும் எழுதிவிட்டு, முயலை வீட்டுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறார். தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகு முடித்துவிடலாம் என்றிருந்தாராம். அதற்கும் மனம் வரவில்லை. ஜூன் 2 அன்று பத்து பெரெண்டாமிலிருந்து வந்த கூடையில் ஒரு முயல் வெயிலில் செத்துக் கிடந்தது.

"அதைப் பொதைச்சிட்டு இதை விட்டேன் ஐயா. அதுவும் வெள்ளை, இதுவும் வெள்ளை. நாலுக்கு நாலு சரியாப் போச்சுன்னு நெனைச்சேன். அந்தப் புள்ளை தலையில விடியும்னு எனக்குத் தெரியாது."

கோகிலாவைக் குற்றம் சொன்னபோது ஏன் வாய் திறக்கவில்லை என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது. அவர் தன் வீட்டுப் பக்கம் பார்த்தார்.

டாக்டர் இரண்டு பதிவேடுகளையும் மூடி வைத்தார். ஊசிக்கு முன் ஒரு முறை ரத்தம் எடுத்துச் சோதிப்பதுதான் முறை என்றும், புது முயல்தானே என்று இந்த முறை தானே அதை விட்டுவிட்டதாகவும் பிறகு சொன்னார். அதைச் செய்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். கோகிலாவிடம் மன்னிப்புக் கேட்டு, நாளை முதல் வேலைக்கு வரச் சொன்னார். அங்கேயே கடிதத்தை எழுதி, கையெழுத்திட்டு, உறையில் போட்டுக் கொடுத்தார்.

பிறகு பொன்னுதுரை அண்ணனிடம், நாளை மதியத்துக்குள் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்.

கோகிலா எழுந்து நின்று, அண்ணனுக்காகக் கேட்டாள். தனக்குக் கடிதம் கிடைத்துவிட்டது, அதோடு விட்டுவிடுங்கள் என்றாள். டாக்டர் குரலை உயர்த்தவில்லை.

"என் தவறு ஒரு சோதனையைக் கெடுத்தது. அவர் எழுதின பொய் ஒரு வரியினால, இந்தப் பதிவேட்டில் இனி எந்த வரியையும் என்னால நம்ப முடியாது. அவரை வச்சுக்கிட்டு நான் எதை எழுதுறது?"

நானாவும் ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தார். பயனில்லை. நான்காம் முயலை நாளைக் காலை கோகிலாவே முடிக்க வேண்டும் என்றும் டாக்டர் சொன்னார். இனி அதற்கு வேறு ஆள் இல்லை. அவள் சரி என்றாள்.

திரும்பும்போது மூவரும் ஒரே குடையில் நடந்தோம். கோகிலா உறையை நனையாமல் புடவைக்குள் வைத்திருந்தாள். பொன்னுதுரை அண்ணனுக்குப் போக்கிடம் இல்லை என்றும், உஜோங் பாசிரில் தன் வீட்டுப் பின்னறை சும்மா கிடக்கிறது, அம்மாவிடம் கேட்டுக்கொள்கிறேன் என்றும் சொன்னாள். நானாவிடம், உண்மையைக் கண்டுபிடித்ததில் அவருக்குச் சந்தோஷமா என்று கேட்டேன்.

"கேட்டு வந்தது தங்கச்சி. அவ வேலை அவளுக்குக் கிடைச்சிடுச்சு. சந்தோஷம் எல்லாம் அதுல சேர்த்தி இல்லை, கிரானி."

நான் எண்ணிய ஐந்து புள்ளிகள் இல்லாமலே அவர் கண்டுபிடித்திருப்பாரா என்று திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். கண்டுபிடித்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை.

நாளை, திங்கள்: ரப்பர் கடையில் அரை நாள் விடுப்புச் சொல்ல வேண்டும். ஏழரைக்குக் கைவண்டி எடுத்துக்கொண்டு காஜா பேராங் போக வேண்டும். பொன்னுதுரை அண்ணனின் சாமான்: கட்டில் ஒன்று, டிரங்குப்பெட்டி இரண்டு, பாத்திர மூட்டை ஒன்று. மல்லிகா இன்னும் உஜோங் பாசிர் வரை நடக்கமாட்டாள். வண்டியில் அவளுக்கு இடம் விட்டுக் கட்ட வேண்டும்.