எழும்பாத நாலாவது மூலை

"என்ட அல்லாஹ்!"

மருத்துவிச்சி மைமூனாவின் அலறல் மழையைக் கிழித்தது.

1957 டிசம்பர். கிண்ணியாக் கரை. காலை ஏழு மணி.

இராசையா ஓடி வந்தார். பிரசவ விடுதியின் விறாந்தையில் காவலாளி சரீப் குப்புறக் கிடந்தான். பின்மண்டை பிளந்திருந்தது!

"ஆரோ அடிச்சிருக்காங்க ஐயா... மூச்சே இல்ல!"

இராசையாவின் பார்வை கீழே போனது. விறாந்தை விளிம்பில் வெள்ளம்! ஆனால் விடுதி அசையவில்லை...

அது எழும்ப வேண்டிய கட்டடம். கடற்படைத் தளத்தில் வரைபடக்காரராய் இருந்த இராசையா, வெற்றுப் பீப்பாய்களின் மேல் அதைக் கட்டியிருந்தார். நாலு மூலையிலும் இரும்புத் தூண். வெள்ளம் ஏறினால், தூணைப் பிடித்தபடி விடுதியும் ஏறும்.

குனிந்து பார்த்தார்.

நாலு தூணோடும் விடுதியைச் சேர்த்துச் சங்கிலி... பூட்டு!

"ஆரோ கட்டிப் போட்டிருக்கிறான், மைமூனா! சரீப் கண்டிருக்கிறான்... அதுதான் அடிச்சிருக்கிறான்!"

உள்ளே ஆறு கர்ப்பிணிகள். ஒருத்திக்கு வலி கண்டுவிட்டது.

அப்போது ஒரு தோணி வந்து முட்டியது. கட்டட வேலைகளை ஒப்பந்தம் எடுக்கும் கொந்தராத்துக்காரர் இரத்தினசிங்கம்!

"கல்லுக் கட்டடம்தான் சரியெண்டு அப்பவே சொன்னனான், கேட்டீங்களோ? சரி, பொம்பிளையளை ஏத்துங்கோ!"

சொல்லிக்கொண்டே விறாந்தையில் ஏறினார்.

படார்!

வெள்ளத்தில் அடித்து வந்த மரம் மோதி, தோணி இரண்டாய்ப் பிளந்தது!

இராசையா இரும்பறுக்கும் வாளோடு தண்ணீரில் குதித்தார். ஒரு சங்கிலி... இரண்டு... மூன்று! மூன்று மூலைகள் துள்ளி எழுந்தன. நாலாவது எழவில்லை. விடுதி சரிந்தது. கட்டில்கள் அந்த மூலைக்கு வழுக்கின. ஒரே கூக்குரல்!

நாலாவது சங்கிலியில் வாள் வைத்தார்.

டக்!

வாள் முறிந்தது.

"ஏலாது மைமூனா... எல்லாரையும் நானே கொல்லப்போறன்!"

மைமூனா உள்ளேயிருந்து கத்தினாள். "தலை தெரியுது ஐயா! இந்தப் புள்ளைய நான் தண்ணிக்குள்ளயா எடுக்கிற?"

சரிந்த விறாந்தையில் நின்ற இரத்தினசிங்கத்தின் இடுப்புக்கு வெள்ளம் ஏறியது.

"எனக்கு நீந்தத் தெரியாது... இந்தாங்கோ! கெதியாத் திறவுங்கோ!"

நீட்டிய கையில்... சங்கிலிப் பூட்டின் திறப்பு!

இராசையா ஒரு கணம் அதையே பார்த்தார். பிடுங்கிக்கொண்டு முங்கினார்.

கிளிக்!

விடுதி ஒரு குலுக்குக் குலுக்கி நிமிர்ந்தது. மெல்ல மெல்ல மேலே ஏறியது. உள்ளே ஒரு குழந்தை வீறிட்டது.

மேலே வந்த இராசையா, இரத்தினசிங்கத்தின் சட்டையைக் கொத்தாய்ப் பிடித்தார்.

"சரீப் உனக்கு என்ன செய்தவன்?"

"கண்டிட்டான்... கத்தப் பாத்தான்... இது தோத்தாத்தானே கொந்தராத்து எனக்கு... பொலிஸுக்குச் சொல்லாதேங்கோ! திறப்புத் தந்து காப்பாத்தினனான்!"

மைமூனா கைகளைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். துணி காயப்போடும் கொடிக்கயிற்றை அறுத்து இரத்தினசிங்கத்தின் மணிக்கட்டை இறுக்கிக் கட்டினாள்.

"கட்டடம் மேல வந்திட்டு முதலாளி... இனி நீங்க உள்ளுக்குப் போங்க!"