மாமாவுக்கு ஒரு பாட்டில் தேன்

சனிக்கிழமை கங்காரு தீவுக்குப் போவதென்று முடிவானதிலிருந்து இமோஜன் வீட்டில் யாரும் ஒழுங்காக உட்கார்ந்து சாப்பிடவில்லை. ஆஸ்திரேலியா வரைபடத்தில் அந்தத் தீவைக் கட்டைவிரலால் மறைத்துவிடலாம். அந்தக் கட்டைவிரலுக்குள் எதையெல்லாம் அடைப்பது என்பதில்தான் சண்டை.

அப்பாவுக்குத் தூண்டில் போட வேண்டும். அம்மாவுக்கு மணலில் படுத்திருக்கும் கடற்சிங்கங்களைப் பார்க்க வேண்டும். பிறகு அவற்றைப் போலவே ஒன்றும் செய்யாமல் கிடக்க வேண்டும். பத்து வயது இமோஜனுக்கு மணல்மேட்டு உச்சியிலிருந்து பலகையில் சறுக்க வேண்டும்.

தம்பி ரூஃபஸுக்கு ஆறு வயது. டெஸ்மண்ட் மாமாவைப் பார்த்தால் போதும் என்று அவன் சொல்லிவிட்டான். மாமா அந்தத் தீவில் தேனீ வளர்க்கிறவர். ரூஃபஸின் பிறந்தநாளுக்குப் புதுத் தேனீப் பெட்டி ஒன்றை வாங்கி அனுப்பியவரும் அவர்தான்.

வியாழக்கிழமை மாலை, நீச்சல் உடையை வைப்பதற்காக இமோஜன் தம்பியின் பையைத் திறந்தாள். கம்பளிக் காலுறைக்குள் கனமாக ஏதோ இருந்தது. ஒரு பாட்டில் தேன்.

"மூடுக்கா, மூடு" என்று ரூஃபஸ் ஓடி வந்தான். "என் பெட்டியில வந்த முதல் தேன். மாமாவுக்கு. யார்கிட்டயும் சொல்லிடாத."

வெளியிலிருந்து யாரும் அந்தத் தீவுக்குத் தேன் கொண்டுபோகக் கூடாது. வீட்டில் மற்ற எல்லோருக்கும் அது தெரியும். ரூஃபஸ் ரகசியமாக வைத்திருந்ததால், அவனிடம் சொல்ல யாருக்கும் வாய்ப்பு வரவில்லை.

கட்டிலில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஜன்னலுக்கு வெளியே தேனீக்கள் பெட்டிக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. இமோஜன் மெல்ல விஷயத்தைச் சொன்னாள்.

"என் தேனீங்க நல்லாத்தானே இருக்கு? ஒண்ணுகூடத் தும்மல."

"நோய் இருந்தா வெளியில தெரியாதுடா. இங்கேருந்து தேனோட அது போயிட்டா மாமாவோட தேனீ எல்லாம் செத்துடும்."

ரூஃபஸ் அழவில்லை. பையிலிருந்த சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் திரும்ப அடுக்கினான். தான் வரப்போவதில்லை என்றான்.

அப்பாவிடம் சொன்னால் பாட்டிலைச் சமையலறையில் வைத்துவிட்டு, இன்னொரு நாள் கொடுக்கலாம் என்பார். இன்னொரு நாள் வரும்போது அது முதல் தேனாக இருக்காது. இமோஜன் தோட்டத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தாள்.

தேன் கடலைத் தாண்டக் கூடாது. சரி. மாமா தாண்டலாமே?

உள்ளே ஓடி மாமாவுக்குத் தொலைபேசியில் பேசினாள். சனிக்கிழமை காலை முதல் படகில் இந்தக் கரைக்கு வந்து, தங்களோடு திரும்பிப் போக முடியுமா என்று கேட்டாள்.

"என் வீட்டுக்கு வர்றதுக்கு நானே வந்து கூட்டிட்டுப் போகணுமா? பெரிய மகாராணிதான் நீ" என்றார் மாமா.

"காலையில ஒண்ணும் சாப்பிடாம வாங்க மாமா. ஏன்னு மட்டும் கேக்காதீங்க."

ரூஃபஸின் சட்டைகள் மறுபடி பைக்குள் போயின. இந்தமுறை எதுவும் மடிக்கப்படவில்லை.

சனிக்கிழமை, இந்தக் கரையிலுள்ள கேப் ஜெர்விஸ் படகுத்துறையில் காற்று தொப்பிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தது. மாமா படகிலிருந்து இறங்கியதும் ரூஃபஸ் பாட்டிலை நீட்டினான். மாமா மூடியைத் திறந்து, விரலை விட்டு, நக்கிப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார். ரூஃபஸ் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான்.

"டேய், என் தேனைவிட நல்லா இருக்கேடா. எனக்குப் பொறாமையா இருக்கு" என்றார் மாமா.

அம்மா ரொட்டியை எடுத்தாள். படகில் ஏறக் காத்திருந்த கார் வரிசையிலேயே காலைச் சாப்பாடு நடந்தது. பின்னால் நின்ற காரிலிருந்தவர்களுக்கும் ஆளுக்கொரு துண்டு போயிற்று. ரூஃபஸ் காலிப் பாட்டிலைத் தானே குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, குழாயில் கை கழுவி வந்தான்.

படகில் ஏறும் இடத்தில் சோதனை செய்யும் ஒரு பெண் காருக்குள் குனிந்து, தேன் ஏதாவது கொண்டுபோகிறீர்களா என்று கேட்டார்.

ரூஃபஸ் பொய் சொல்லாத பையன். மாமாவின் வயிற்றைக் காட்டினான்.

"அதுக்குள்ள இருக்கு" என்றான்.

அந்தப் பெண் மாமாவின் வயிற்றைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு, போகலாம் என்று கையசைத்தார்.