அம்மா முழு விலை கொடுத்த நாள்

எங்கள் அம்மா முழு விலை கொடுத்து ஒரு பொருள் வாங்கிவிட்டார்.

அதனால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் அம்மாவைத் தெரியாதவர்கள் அப்படித்தான் கேட்பார்கள்.

அம்மா ஒரு சலவைக் கடையில் துணி தேய்க்கிறார். அப்பா பஸ் ஓட்டுகிறார். வீட்டுக்கு வேண்டியதை வாங்குவது அம்மாவின் பொறுப்பு. பேக்கரி மூடப்போகும் நேரத்தில்தான் ரொட்டி வாங்கப் போவார். அப்போது பாதி விலை. மழைக்காலம் முடிந்த பிறகுதான் குடை வாங்குவார். சனிக்கிழமை பழைய பொருள் சந்தைக்குள் அம்மா நுழைந்தால் கடைக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள்.

வாங்கி வந்ததைச் சாப்பாட்டு மேசைமேல் வைப்பார். இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "எவ்வளவு இருக்கும், சொல்லுங்க?" என்பார்.

எங்கள் வீட்டில் விலையை ரொட்டிக் கணக்கில்தான் சொல்வோம். நான் பத்து ரொட்டி என்பேன். தம்பி எதற்கும் நூறு ரொட்டி என்பான். அவனுக்குத் தெரிந்த பெரிய எண் அதுதான். அப்பா நெற்றியைச் சுருக்கி யோசிப்பதுபோல் நடித்துவிட்டு, வேண்டுமென்றே கூட்டிச் சொல்வார். அம்மா எல்லோரையும் காக்கவைத்து, கடைசியில் "ரெண்டு" என்பார். நாங்கள் வாயைப் பிளப்போம். அப்போது அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

அந்தப் புதன்கிழமை மேசைக்கு வந்தது ஒரு புத்தம்புது ஷூ டப்பா. உள்ளே மெல்லிய தாள் சரசரத்தது. எங்கள் வீட்டில் அந்தச் சத்தத்தை யாரும் கேட்டதே இல்லை. உனக்குத்தான் என்று என்னிடம் சொல்லிவிட்டு அம்மா சமையலறைக்குள் போய்விட்டார். எவ்வளவு இருக்கும் என்று கேட்கவில்லை.

தம்பி டப்பாவைக் கவிழ்த்து விலைச் சீட்டை எடுத்தான். அப்பா அதைப் படித்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். பிறகு மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார்.

"முழு விலை," என்றார், யாருக்கோ அடிபட்டுவிட்டது என்று சொல்வதுபோல.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தம்பி அழவே ஆரம்பித்துவிட்டான். அப்பா எழுந்துபோய் அம்மாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். காய்ச்சல் இல்லை.

மறுநாள் இன்னும் மோசம். காலையிலேயே முழு விலையில் சூடான ரொட்டி வந்தது. சனிக்கிழமை அம்மா சந்தைக்கே போகவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். கேட்டால், அலுத்துவிட்டதாம். சாப்பாட்டு மேசையில் ரொட்டிக் கணக்கே இல்லை. பழைய அம்மா திரும்பி வரவே மாட்டாரோ என்று எனக்குப் பயமாகிவிட்டது.

நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். வீட்டுக்குள் போட்டு நடந்து பார்த்ததில் ஷூ கடிக்கிறது என்றேன். போகப்போகச் சரியாகிவிடும் என்றார்.

"எதுக்கும்மா இதை வாங்கினே?"

அம்மா ஊசியைக் கீழே வைத்தார். செவ்வாய்க்கிழமை பள்ளி வாசலில் நடந்ததைச் சொன்னார். என் வகுப்பில் படிக்கும் நெட்டையின் அம்மா ஒரு பல் டாக்டர். அவர் என் மஞ்சள் மழைக்கோட்டைப் பார்த்துவிட்டு, அத்தனை பேர் நடுவில், "அட, இது எங்க வீட்டுக் கோட்டு இல்ல?" என்றாராம். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்களாம். அந்தக் கோட்டை அம்மா சந்தையில்தான் வாங்கினார்.

"எனக்கு உடம்பே கூசிப்போச்சு," என்றார் அம்மா. "என் சிக்கனத்தால நீ தலைகுனியக் கூடாதுடி. இனிமே உனக்கு எல்லாம் புதுசுதான்."

நான் அதிர்ந்துபோனேன். நான் எங்கே தலைகுனிந்தேன்?

"அது நெட்டையோடதுன்னு எனக்கு முதல் நாளே தெரியும்மா. அவதான் சொன்னா. வலது பையில ஓட்டை இருக்கும், பென்சிலைப் போட்டுடாதேன்னா. எங்கம்மா தைச்சாச்சுன்னு நானும் காட்டினேன்."

இப்போது அதிர்ச்சி அம்மாவுக்கு. ஆனாலும் அவர் நம்பவில்லை. தன்னைத் தேற்றத்தான் சொல்கிறேன் என்று என் தலையைத் தடவிக்கொடுத்தார்.

திங்கட்கிழமை நெட்டையிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் கண்ணை உருட்டினாள். கிழிந்துபோயிற்று என்று அவர்கள் பழைய பொருள் கடைக்குக் கொடுத்த கோட்டு அது. அதற்கு நீலக் குடைத்துணியில் பையும் தொப்பியும் எப்படித்தான் வைத்துத் தைத்தார்களோ என்று அவள் அம்மா வீட்டில் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். பள்ளி வாசலில் தான் சொன்னது எங்கள் அம்மாவைச் சுட்டது அவருக்குத் தெரியவே தெரியாது. அவளையும் அவள் அம்மாவையும் அன்று மாலையே வீட்டுக்கு வரச்சொன்னேன். அம்மாவிடம் மூச்சு விடவில்லை.

வாசலில் பல் டாக்டரைக் கண்டதும் அம்மா சிலைபோல் நின்றுவிட்டார். அப்பாதான் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். நான் மழைக்கோட்டை மேசைமேல் வைத்து, இடுப்பில் கைவைத்துக்கொண்டேன்.

"எவ்வளவு இருக்கும், சொல்லுங்க?"

"சுண்டு, சும்மா இரு," என்று அம்மா பல்லைக் கடித்தார்.

டாக்டர் முதலில் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டார். தன் வாய் எப்போதும் புத்திக்கு முன்னால் ஓடிவிடும் என்றார். பிறகு குடைத்துணித் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரொட்டிக் கணக்கை நான் விளக்கியதும், "இருபது ரொட்டி," என்றார்.

எல்லோரும் அம்மாவைப் பார்த்தோம்.

"ஒண்ணு," என்றார் சின்னக் குரலில். "அதுவும் பாதி விலை ரொட்டி."

நாள் முழுக்க மற்றவர்களை வாயைத் திறக்கச் சொல்கிற டாக்டர், தன் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு மேசை விளக்கைக் காட்டி, அது எவ்வளவு என்று கேட்டார். அம்மா நீங்களே சொல்லுங்கள் என்றார். அடுத்து நாற்காலி. அது விளக்கோடு இனாமாக வந்தது என்று கேட்டதும் டாக்டர் எழுந்துநின்று அதைக் குனிந்து பார்த்தார். அம்மாவின் கைகள் தாமாகவே இடுப்புக்குப் போயிருந்தன. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வெளியே போடாத ஷூ என்பதால் கடையில் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

அடுத்த சனிக்கிழமை டாக்டரும் அம்மாவோடு சந்தைக்கு வந்தார். பிடித்த பொருளை முதலில் கையில் எடுக்கவே கூடாது, பக்கத்துப் பொருளைத்தான் விலை கேட்கவேண்டும் என்று அம்மா வழியெல்லாம் சொல்லிக்கொடுத்தார். திரும்பி வந்ததும் டாக்டர் ஒரு சுவர்க்கடிகாரத்தை எங்கள் மேசைமேல் வைத்தார். இடுப்பில் கைவைத்துக்கொண்டார்.

அம்மா அதைத் தட்டிப் பார்த்தார், காதில் வைத்துக் கேட்டார். "நாலு ரொட்டி. அந்தக் கடைக்காரர் அதுக்குக் கீழே இறங்கவே மாட்டார்."

டாக்டர் எங்களைக் காக்கவைத்தார்.

"ஒரு ரொட்டிகூட இல்ல. அவருக்குக் கடைவாய்ப் பல் வலியாம். அங்கேயே பார்த்து வைத்தியம் சொன்னேன். இந்தாங்கன்னு இதைக் கையில கொடுத்துட்டார்."

இத்தனை வருடம் எங்கள் எல்லோரையும் வாயைப் பிளக்கவைத்த அம்மா, தானே வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

டாக்டர் குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

"பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு," என்றார்.