ரொட்டி ஆறும் ஓசை

மாவு பிசையும் மேசையில் வயிறு இடித்தபோது 'டக்' என்று கேட்டது.

பின்னால் அடுப்பின் முனகல், கல்லாவில் மனைவி யாரிடமோ சில்லறைக்கு மல்லுக்கட்டும் குரல், பொங்கி நிற்கும் மாவின் புளித்த வாடை, வாசலில் நீண்டு கிடக்கும் சாயங்கால நிழல் என்று எல்லாம் வழக்கம்போலவே இருக்க, அந்த ஒரு சத்தம் மட்டும் ரொட்டிக்காரருக்குப் புதிதாக இருந்தது. பெல்ட் கொக்கியாக இருக்கும் என்று தடவிப் பார்த்தார். பெல்ட்டே போடவில்லை.

ஆறேழு மாதம் முன்பு ஸ்கூட்டரோடு விழுந்ததில் கைப்பிடி குத்திக் குடல் கிழிந்தது. வயிற்றைத் திறந்து தைத்தார்கள். உள்ளே கசிகிறது என்று மறுபடியும் திறந்தார்கள். பிழைத்ததே மறுபிறவி என்று எல்லோரும் சொன்னார்கள். இப்போது அந்தத் தழும்புக்கு அடியில், கரண்டிக் காம்பு மாதிரி ஏதோ கெட்டியாகக் கிடந்தது.

"என்னங்க, ரொட்டியைத் தட்டாம வயித்தைத் தட்டிட்டு நிக்கிறீங்க? வெந்துடுச்சா?" என்று மனைவி சிரித்தாள்.

அவரும் சிரித்து வைத்தார். வெந்த ரொட்டியைக் கவிழ்த்து விரல்முட்டியால் அடியில் தட்டினால் காலிப் பெட்டி மாதிரிக் கேட்கும்; வேகாதது மொத்தென்று கேட்கும். அவருக்குக் கடிகாரமே வேண்டாம், அந்த ஒலி போதும். தன் வயிற்றில் கேட்டது இரண்டிலும் சேரவில்லை. அதை அவளிடம் சொல்லவும் மனம் வரவில்லை.

பிறகு சாப்பாடு இறங்க மறுத்தது. வயிறு உப்பியது, காற்றுகூடப் பிரியவில்லை. கடைக்கு வருகிறவர்கள் காதில் விழும்படி கடமுடவென்று உருண்டு மானத்தை வாங்கும் வயிறு, இப்போது வாயடைத்துப் போனது. பச்சையாக வாந்தி எடுத்த அன்று மருத்துவமனைக்கு ஓடினார்கள்.

டாக்டர் ஸ்கேன் படத்தைக் காட்டினார். குடலுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாகக் கிளைகள்.

"இதெல்லாம் எலும்பு. குடலைத் தாங்குற ஜவ்வுல வளர்ந்து, குடலைச் சுத்தி நெருக்குது."

"வயித்துக்குள்ள ஏது டாக்டர் எலும்பு?" என்றாள் மனைவி.

"ரொம்ப அபூர்வம்மா. வெட்டுப்பட்ட இடத்தை உடம்பு தப்பா ஆத்திக்குது, எலும்பைப் போட்டு."

"அப்ப எடுத்துடுங்க."

"எடுத்துத்தான் ஆகணும். விட்டா குடல் அழுகிடும். ஆனா..." டாக்டர் ரொட்டிக்காரர் முகத்தைப் பார்க்கவில்லை. "கத்தி பட்ட இடத்துலதான் இது மறுபடி வளரும்."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது போதாதென்று, பூதத்தைப் பிடிக்க இன்னும் ஆழமாக வெட்டப் போகிறார்களாம். வேண்டாம் என்றால் சாவு. "சரி" என்றார் ரொட்டிக்காரர். பாவம், வேறென்ன சொல்வார்?

கண் விழித்தபோது வாயில் மூச்சுக்குழாய் இருந்தது. அதைப் பிடுங்கிவிடாமல் இருக்கக் கைகளைக் கட்டிலோடு துணியால் கட்டியிருந்தார்கள். "எல்லாம் எடுத்தாச்சாம். குடல் சத்தம் போட ஆரம்பிச்சா போதுமாம்" என்றாள் மனைவி. தினமும் குனிந்து அவர் வயிற்றில் காதை வைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

ஒரு மத்தியானம், மருந்து நெடிக்கும் இயந்திரத்தின் பீப் ஒலிக்கும் நடுவே, அவருக்குக் கேட்டது.

சன்னமாக.

சிட். சிட்சிட். சிட்.

அவருக்கா தெரியாது? அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டி ஆறும்போது மேலோடு இறுகி வெடிக்கும் சத்தம்.

உள்ளேயிருந்து வந்தது.

மனைவி காதை வைத்தாள். முகம் மலர்ந்தது. "கேக்குதுங்க! குடல் வேலை செய்யுதுங்க!"

இல்லை. தலையை ஆட்டினார். குழாய் இழுத்தது. கட்டியிருந்த கையைத் தூக்க முடியவில்லை. இல்லையடி. அது இல்லை.

"நல்ல சேதிக்குப் போய் யாராவது அழுவாங்களா?" அவர் கண்ணைத் துடைத்துவிட்டாள். பிறகு குறும்பாக விரலை மடக்கி, கட்டுக்கு ஓரமாக, நோகாமல் ஒரு தட்டுத் தட்டினாள். "என்னங்க, வெந்துடுச்சா?"

காலிப் பெட்டி மாதிரிக் கேட்டது.

அவளும் ரொட்டி விற்றவள்தான். சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றது; மடக்கிய விரல் வயிற்றின் மேலேயே நின்றது. அதற்கடியில் விலாவிலிருந்து இடுப்பு வரை, சிட், சிட்சிட், சிட்.