மருந்து வாங்கியாயிற்று

திரையில் மகளின் பெயருக்கு எதிரே மஞ்சளாக இருக்கவேண்டிய வட்டம் பச்சையாக இருந்தது.

டாக்டர் எழுதும் மருந்துச்சீட்டுகளைக் கணினி வழியே மருந்துக்கடைகளுக்கு அனுப்புவது அவன் வேலை. சீட்டு கடைக்குப் போய்ச் சேர்ந்தால் மஞ்சள். யாராவது வந்து கையெழுத்துப் போட்டு மருந்தை வாங்கினால் பச்சை. மகளுக்கு முதல்முறையாக இளைப்பு. டாக்டர் காலையில் எழுதிய இன்ஹேலரை அவனே அனுப்பியிருந்தான். வீட்டுக்குப் போகும் வழியில் அவனே வாங்குவதாகவும் இருந்தான்.

டாக்டர் கிளம்பிவிட்டார். காலி நாற்காலிகளுக்கு நடுவே, துடைத்த தரையின் மருந்து வாசனை மெல்ல அடங்கிக்கொண்டிருக்க, ஏசியை நிறுத்திய பிறகும் எங்கோ காற்றை இழுக்கும் சத்தம் மட்டும் நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது.

வீட்டில் மகளுக்குத் துணையாக இருக்கும் அக்கா வாங்கியிருப்பாளோ? குழந்தையை விட்டு நகரமாட்டாளே.

கீழே இன்னொரு பச்சை. மனைவியின் பெயர்.

இளைப்பு முற்றி அவள் இறந்த அன்று அனுப்பிய இன்ஹேலர் அது. வாங்க ஆள் இல்லாமல் இதுவரை மஞ்சளாகவே நின்றிருந்தது. அனுப்பியவர்தான் ரத்து செய்யவேண்டும் என்பது கிளினிக் வழக்கம். அவனைக் கேட்க மற்றவர்களுக்கு வாய் வரவில்லை. அவனுக்குக் கை வரவில்லை. அவளுக்காக இன்னும் காத்திருந்தது அந்த மஞ்சள் வட்டம் ஒன்றுதான்.

கடைக்குப் போன் செய்தான். கடையைப் புதிதாக எடுத்து நடத்துபவர். அவன் குடும்பக் கதை தெரியாதவர்.

"என்ன சார், வீட்டையே ஆஸ்பத்திரி ஆக்கிட்டீங்களா? ஒரே நேரத்துல ரெண்டு இன்ஹேலர்!"

"யாரு வாங்கினது?"

"உங்க வீட்டுக்காரங்கதான். ஏன், வீட்ல பேச்சுவார்த்தை இல்லையா?" சிரித்தார். "பழைய கையெழுத்தோட ஒத்துப்பார்த்துத்தான் குடுத்தேன். பாவம் சார், அவங்களுக்கும் ரொம்ப முடியல. மூச்சை இழுத்துக்கிட்டே நின்னாங்க. விட்ட மாதிரியே தெரியல."

சாலையில் கடைகள் விளக்கு போட ஆரம்பித்திருந்தன. அவன் ஓடினான்.

மனைவி இன்ஹேலர் எடுக்கும்போதெல்லாம் மகளும் எதிரே உட்கார்ந்து கன்னத்தை உப்பிக்கொள்வாள். "அம்மா 'விடு'ன்னு சொல்ற வரைக்கும் விடக்கூடாது, சரியா?" மகள்தான் ஒவ்வொரு முறையும் தோற்பாள். பேசாமல் இருக்க அவளால் முடியாது. வீட்டில் அவள் பேரே சில்வண்டு.

அக்கா கதவைத் திறந்து விரலை உதட்டில் வைத்தாள்.

"மெதுவா வாடா. இப்பதான் சத்தம் அடங்கிச்சு."

"யாராவது வந்தாங்களா?"

"ஒருத்தரும் வரலியே. மருந்து எங்க?"

அவன் மகளின் அறையை நோக்கி நடந்தான்.

"சரி விடு. இழுப்பு நின்னுடுச்சு. சில்வண்டுகிட்ட ஒரு சத்தம் இல்ல. தூங்கறா போல."

மூடிய அறைக்குள்ளிருந்து கேட்டது.

டக். ஸ்ஸ்ஸ்.

பிறகு ஒரு மூச்சு. உள்ளே போனது. போய்க்கொண்டே இருந்தது.

வெளியே வரவில்லை.

கதவைத் தள்ளினான். விளக்கைப் போட்டான்.

மகள் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் இரண்டு இன்ஹேலர்கள். கன்னங்கள் உப்பியிருந்தன. நெஞ்சு அசையவில்லை. உதடுகள் நீலம்.

"கண்ணு. மூச்சு விடு."

அசையவில்லை.

"அப்பா சொல்றேன்ல. விடும்மா. விடு!"

முடியாது என்று தலையை ஆட்டினாள்.

அவன் பிடரிமயிர் மெல்லப் பின்னோக்கி இழுபட்டது. சில்லென்று. அவனுக்குப் பின்னால் நெருக்கமாக நின்று யாரோ காற்றை இழுப்பதுபோல.

மகளின் கண்கள் அவனைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்கு மேலே, இன்னும் 'விடு' என்று சொல்லாத வாயையே பார்த்துக் காத்திருந்தன.