கோட்டுக்கு வெளியே ஒரு வீடு

செயற்கைக்கோள் படத்தில் அந்த வீடு நின்றுகொண்டிருந்தது. இடித்துத் தரைமட்டமாக்கிய வீடு.

எண்ணெய்க் கிணறுகள் வந்தபின் நிலம் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று படத்தை வைத்து அளப்பதுதான் அவன் வேலை. கிணறு, லாரிச் சாலை, கழிவுக் குட்டை எல்லாவற்றையும் சுற்றிச் சிவப்புக் கோடு போடுவான். கோட்டுக்குள் இருப்பவர்களுக்கு மாற்று வீடும் நல்ல தண்ணீரும் உண்டு. வெளியே இருப்பவர்களுக்கு ஒன்றுமில்லை. போன கோடையில் கம்பெனிக்காரர்கள் கேட்டுக்கொண்டபடி கோட்டைக் கொஞ்சம் உள்ளே தள்ளினான். ஒரே ஒரு வீடு வெளியே போனது. அந்த வீட்டுக்காரி அலுவலக வாசலில் நின்று, குடிக்கிற தண்ணீரில் எண்ணெய் மிதக்கிறது, ஒரு தடவை நேரில் வந்து அளந்து பாருங்கள் என்று கெஞ்சினாள். படத்திலேயே எல்லாம் தெரியும் என்று அனுப்பிவிட்டான். மழை வருமுன் அவள் பிள்ளை போய்ச் சேர்ந்தது. பின்னாலேயே அவளும். ஆளில்லாத வீட்டைக் கம்பெனி இடித்துத் தள்ளியது.

இப்போது படத்தில் அந்த வீட்டு வாசலிலிருந்து கரிய கோடு ஒன்று கிளம்பி, வயலையும் நெடுஞ்சாலையையும் தாண்டி நகரத்துக்குள் நுழைந்திருந்தது. விரலை வைத்துத் தொடர்ந்தான். பாலம். பள்ளிக்கூடம். அவன் தெரு.

மனைவியை அழைத்தான்.

"உங்க ஆபீஸ்ல இருந்து ஒரு அம்மா வந்திருக்காங்க," என்றாள் அவள். "நேர்ல அளந்து பாக்கணுமாம். கூடம் அளந்தாச்சு. இப்ப பாப்பாவ அளக்கிறாங்க. ஏங்க, அவங்க மேலெல்லாம் ஒரே எண்ணெய் வாடை."

"பாப்பாவத் தூக்கிக்கிட்டு வெளிய வா."

"எப்படிங்க வர்றது? அதான் கோடு போட்டுட்டாங்களே."

வீட்டுக்கு விரைந்த வண்டியின் கண்ணாடிகளை ஏற்றிவிட்ட பின்னும் தொண்டையைக் கமறவைக்கிற அந்த நெடி வழியெல்லாம் கூடவே வந்தது. தெருமுனையில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்கி நின்றார்கள். வீட்டைச் சுற்றித் தரையில் கன்னங்கரிய கோடு, கொழகொழவென்று மினுமினுத்தது. வாசலில் மட்டும் ஓர் ஆள் நுழையும் இடைவெளி.

நுழைந்தான்.

முதுகுக்குப் பின்னால் ஈரமாக ஏதோ இழுபடும் ஓசை. திரும்பவில்லை. இடைவெளி மூடிக்கொண்டது, அவ்வளவுதான்.

கூடத்தில் அந்த அம்மாவைக் காணோம். மனைவி குடத்தைச் சாய்த்து ஊற்றிக்கொண்டே இருந்தாள். கண் இமைக்கவில்லை. மகள் மூச்சு விடாமல் குடித்தாள். கடைவாயில் கறுப்பு வழிந்தது. அப்பாவைப் பார்த்ததும் சிரித்தாள். பல் ஒன்றும் வெளுப்பாக இல்லை.

தளும்பத் தளும்ப ஒரு டம்ளரை அவனிடம் நீட்டினாள்.

"நல்ல தண்ணிதான்பா. குடி."