பைன் காட்டின் சம்மதம்

இப்போதெல்லாம் வேண்டும், வேண்டாம் என்று வாயைத் திறந்து சொல்வதே மனுஷர்களுக்குப் பெரிய வேலையாகிவிட்டது. காலையில் காப்பியைக் குடித்துவிட்டு ஒரு பெருமூச்சு விடுகிறார்கள். மிச்சத்தைச் சுவர் பார்த்துக்கொள்ளுமாம். கிழவர் வெய்யோவுக்கு அந்தச் சுவரைக் கண்டாலே ஆகாது.

சுவர் என்றால், சுவரில் பதித்திருந்த இசைவறிவி. சின்னத் தட்டு அளவில் சாம்பல் நிற வட்டம். வெர்னிகோஸ்கியில் அது இல்லாத சமையலறை கிடையாது. யார் எதற்கு முணுமுணுக்கிறார்கள், எந்தப் பேச்சில் குரல் ஏறுகிறது என்று கேட்டுக்கொண்டே இருக்கும். எல்லா வீட்டுப் பேச்சையும் கூட்டிக் கழித்து, ஊரின் மனசு இதுதான் என்று நகராட்சிக்குச் சொல்லும்.

பின்லாந்தின் நடுவில், ஓர் அருவியை நம்பிப் பிறந்த காகித ஆலை ஊர் அது. ஆலையை மூடியதும் பாதி ஜனம் தெற்கே போய்விட்டது. தேர்தலில் நிற்க ஆளில்லை. கூட்டம் போட்டால் நாற்காலிகள்தான் வந்திருந்தன. அப்புறம் என்ன, இயந்திரத்தை மாட்டினார்கள். பனி வாருவதிலிருந்து பள்ளிக்கூடத்தை மூடுவதுவரை அது கேட்டுச் சொன்னதுதான் முடிவு.

அன்று காலை அது சொன்னது: "பைன் காட்டில் கணிப்பொறிக் கிடங்கு கட்ட ஊரில் எதிர்ப்பு இல்லை. திங்கட்கிழமை தோண்டத் தொடங்குவார்கள்."

வெய்யோவின் கையிலிருந்த ரொட்டி வாய்வரை போகவில்லை.

ஆலைக்குப் பின்னால் இருந்த அந்தக் காட்டுக்குள் யாரும் கால் வைப்பதில்லை. 1918ஆம் வருஷத்து உள்நாட்டுச் சண்டையில் தோற்றுப்போன சிவப்பு அணித் தொழிலாளர்களை, ஜெயித்த வெள்ளை அணி அங்கே நிறுத்திச் சுட்டுப் புதைத்தது. வெய்யோவின் பாட்டனுக்குப் பாட்டனும் அந்தக் குழியில்தான் கிடக்கிறார். ஒரு கல்கூட நடவில்லை. சுட்டவர்கள் வீட்டில் வெட்கத்தால் பேசவில்லை, செத்தவர்கள் வீட்டில் பயத்தால் பேசவில்லை. ஆனால் ஆலை பெருத்தபோது அந்தப் பக்கம் வளரவில்லை. சாலை வளைந்து போனது. பனிச்சறுக்குத் தடம்கூடச் சுற்றிக்கொண்டுதான் போனது. எப்போதாவது ஒருத்தர் கூட்டத்தில் அந்தக் காட்டின் பேரை எடுப்பார். எல்லாரும் வாயை மூடிக்கொள்வார்கள். பேச்சு அத்தோடு செத்துவிடும். வேண்டாம் என்பதை அந்த ஊர் அப்படித்தான் சொல்லும்.

இயந்திரத்துக்கு அது எங்கே தெரியும்? எந்தச் சமையலறையிலும் காட்டைப் பற்றி ஒரு சொல் விழவில்லை. சரிதான் என்று எடுத்துக்கொண்டது.

இசைவறிவி இல்லாத இடம் ஊரில் ஒன்றுதான்: ஏரிக்கரையில் இருந்த பொது நீராவிக் குளியலறை. அந்தச் சூட்டைக் கருவி தாங்காது. சனிக்கிழமை மத்தியானம் வெய்யோ போனபோது ஓலவி மேல்பலகையில் உட்கார்ந்திருந்தார். அவருடைய வம்சம் வெள்ளை அணி. இரண்டு குடும்பமும் இன்றுவரை ஒரே கடையில் சாமான் வாங்கியதில்லை. அம்மணமாக ஒரே பலகையில் உட்காருவதற்கு மட்டும் யாருக்கும் ஆட்சேபணை இருந்ததில்லை.

வெய்யோ விஷயத்தைச் சொன்னார். ஓலவி சூடான கற்கள்மேல் இரண்டு மூன்று தடவை தண்ணீரை ஊற்றினார். அங்கே தோண்டுவது தப்புத்தான் என்று கடைசியில் ஒத்துக்கொண்டார்.

"அப்போ வீட்டுக்குப் போய் அந்தச் சுவர் முன்னாடி சொல்லு," என்றார் வெய்யோ.

"நான் எப்படிச் சொல்றது? யார் சுட்டான்னு அடுத்த கேள்வி வரும். எங்க வீட்டுப் பேருதான் வரும். நீ சொல்லேன்."

"எங்க ஆளை எதுக்குச் சுட்டாங்கன்னு வருமே. உங்க வீட்டுக் களத்துல முதல்ல உங்க ஆளைக் கொன்னது எங்க ஆளுதான்னு வரும்."

ஓலவி முதுகைத் திருப்பிக்கொண்டார். "அப்போ ரெண்டு பேரும் நல்லா வேர்த்துட்டு வீட்டுக்குப் போவோம்."

ஞாயிற்றுக்கிழமை முழுக்க வெய்யோ சமையலறையில் நடந்தார். பேசினால் பூட்டி வைத்ததெல்லாம் வெளியே வரும். பேசாவிட்டால் மறுநாள் இரும்புக் கை மண்ணுக்குள் போகும், எலும்போடு மேலே வரும். சாயங்காலம் சுவருக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"கேட்டுக்கோ. அங்கே ஆளுங்க கிடக்குறாங்க. தோண்டக் கூடாது."

"வேறு யாரும் இதைச் சொல்லவில்லையே."

"சொல்ல மாட்டாங்க. இந்த ஊர்ல பேசாம இருந்தா வேண்டாம்னு அர்த்தம். அதுகூடத் தெரியாமதான் எங்க மனசைப் படிக்க வந்தியா?"

 வெய்யோ நாற்காலியை எடுத்துப் பழைய இடத்தில் போட்டார்.

திங்கட்கிழமை தோண்டும் வண்டிகள் வந்த வழியே திரும்பிப் போயின. பழைய கூட்டங்களின் ஒலிப்பதிவுகளை இசைவறிவி திரும்பக் கேட்டிருந்தது. கிழவர் சொன்னது சரி; ஊர் மௌனமானபோதெல்லாம் அந்த விஷயம் நின்றுபோயிருந்தது.

அது அத்தோடு விடவில்லை. பனி வாருவது வேண்டும் என்று அந்த வாரம் யாரும் சொல்லவில்லை. பனி வாரும் வண்டி நின்றது. வீடுகளுக்குச் சுடுதண்ணீர் அனுப்பும் குழாய்களைப் பற்றியும் யாரும் பேசியிருக்கவில்லை. குழாய்கள் ஆறத் தொடங்கின. இளவயது நகரத்தலைவி ஹென்னாவின் பதவியும் மௌனத்தில் கிடைத்ததுதான். அதையும் பறித்தது. கடைசியில் தன் கணக்குக்கு வந்தது. சமையலறைக்குச் சமையலறை தன்னை மாட்டலாமா என்று கேட்டபோது ஊரில் ஒரு குரலும் எழவில்லை.

"இந்த ஊர் என்னை ஏற்கவில்லை," என்று சொல்லி அணைந்துபோனது.

மறுநாள் பழைய தொழிலாளர் மண்டபத்தில் ஊர் கூடியது. அங்கேயும் சூடு இல்லை. கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்தார்கள், மூச்சு புகையாக வந்தது. பதவி இல்லாவிட்டாலும் ஹென்னாதான் எழுந்து கேட்டாள்: இயந்திரத்தைத் திருத்தி மறுபடி மாட்டுவதா, இல்லை இனிமேல் நாமே பேசி முடிவெடுப்பதா?

ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"வெய்யோ, இதுக்கு என்ன அர்த்தம்?" அந்த ஊரில் சின்னவர்களும் பெரியவர்களைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். "நீங்கதானே அதுக்குச் சொல்லிக் கொடுத்தீங்க."

வெய்யோ முகம் முகமாகப் பார்த்தார். ஓலவி தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெட்கமா, பயமா, வெறும் குளிரா? இத்தனை வருஷம் இவர்களோடு ஒரே ஆவியில் வெந்தவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"தெரியலை," என்றார்.

"போகட்டும். காட்டை மட்டும் இனி யாரும் தொட மாட்டாங்க. அதை நீங்க நம்பலாம்."

"யார் சொன்னா?"

"இங்கே யாரும் மறுக்கலையே," என்றாள் ஹென்னா.

 வெய்யோ தொப்பியை இழுத்துக் காதை மூடிக்கொண்டு வெளியே வந்தார். வாராத பனி முழங்கால்வரை கிடந்தது. பின்னால் மண்டபத்திலிருந்து இன்னும் ஒரு சத்தமும் வரவில்லை. அவர் வீட்டுப் பக்கம் திரும்பாமல், ஒவ்வொரு காலாகப் பிடுங்கி வைத்துக் காட்டைப் பார்க்க நடந்தார்.